பூட்டிய பண்டசாலையும் நைட்டிங்கேல் அம்மையாரும்

கஜானா வறண்டதால் ஜனங்கள் மடிவதுண்டு. பணமும் பண்டமும் நிறைந்திருந்தும், ஓர் இலாகாவின் பொருளை மற்றோர் இலாகா தொடக்கூடாதென்ற காரணத்தால் மடிவதும் உண்டு. இவ்விரண்டாம் வகைச் சாவை நேரிற் கண்டு போராடியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். விளக்கேந்திய மாதரசியென்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவ்விளக்கினும் பெரிது, அவர் எடுத்த கணக்கு.

1820-ம் வருஷம் மே 12-ந் தேதி, இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக நோயாளர்க்குப் பணிவிடை செய்யக் கற்றார். கிரிமியா யுத்தத்தில் காயமுற்ற பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பேணுவதற்காக, 38 பெண்களுடன் 1854 நவம்பர் 4-ந் தேதி துருக்கியிலுள்ள ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரியை அடைந்தார்.

அங்கே உணவு தானியங்களை வாங்குவது கமிஸரியட் இலாகா. அதுவோ அவ்வருஷக் கடைசி வரை பொக்கிஷ இலாகாவுக்கு உட்பட்டிருந்தது. நோயாளியின் பத்திய உணவுக்குப் பண்டசாலை அதிகாரி பொறுப்பாளி. சிகிச்சைக்கு வைத்திய இலாகா. எல்லோரும் விதிப்படியே நடந்தனர். சிப்பாய் மட்டும் சட்டையின்றிக் கிடந்தான். அவன் தன் மூட்டையிலேயே சட்டை கொண்டுவர வேண்டுமென்பது விதி. மூட்டையோ, மேலதிகாரிகளின் கட்டளைப்படியே கிரிமியாவில் விடப்பட்டிருந்தது! பலக்லாவா துறைமுகத்தில் 1854 டிசம்பரில் வந்திறங்கிய 20,000 ராத்தல் எலுமிச்சைச் சாறு, தினப்படி உணவில் அதைச் சேர்க்க உத்தரவில்லாமையால், பிப்ரவரி வரையில் வழங்கப்படவில்லை. அருகிலேயே ஸ்கர்வி நோயால் சிப்பாய்கள் வாடினர்.

பொதுமக்களின் நிதியையும் தம் சொந்தப் பணத்தையும் கொண்டு அம்மையார் கான்ஸ்டான்டினோபிள் கடைத்தெருவில் சாமான்கள் வாங்கினார். பழுதுற்ற கூடங்களைச் செப்பனிட 200 வேலையாட்களை அமர்த்தினார். எனினும் அவருடைய கிடங்கு துன்பத்தைத் தணித்ததேயன்றிச் சாவைத் தடுக்கவில்லை. கட்டிடத்தின் அடியில் சாக்கடை அடைபட்டுக் கிடந்தது. 1855 மார்ச்சில், வேலையை உடனே நடத்திவைக்கும் அதிகாரத்துடன், வைத்தியரும் எஞ்சினீயரும் சேர்ந்த சுகாதாரக் கமிஷன் வந்தது. சாக்கடைகள் சுத்தமாயின. சிகிச்சை பெற்றோரில் பிப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆயிற்று.

இப்பாடத்தை அம்மையார் மறக்கவில்லை. புள்ளி விவரங்களைத் திரட்டி மந்திரிகளை நெருக்கினார். இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. எனினும் இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்விகள் அனுப்பி விவரம் பெற்றார். பிரிட்டிஷ் சிப்பாய்களில் வருஷந்தோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மடிந்ததை 1863-ம் வருஷ ராயல் கமிஷன் அறிக்கை வெளிப்படுத்தியது. மறு வருஷம் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. பின்னாளில் நம் குடியானவர்களின் பஞ்சத்தையும் நீர்ப்பாசனத்தையும் பற்றி எழுதினார். 1910 ஆகஸ்டு 13-ந் தேதி காலமானார்.

தனி மனிதரின் தயாளம் ஒரு சட்டையைத் தரலாம். சாக்கடையைத் திறக்க இலாகாக்கள் ஒன்றுபட வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கிய பொருள் எந்த இலாகாவின் பூட்டுக்குள் இருந்தாலும் ஜனங்களுடையதே. ஆட்சிப் பொறுப்பை ஏற்போர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதன்று. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே.