எஞ்சினை எடுத்துக்கொண்டு கூட்டை விட்டவர்

மரினா பேயில் எஃப்1 பந்தயம் நெருங்கும் நாள்களில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒரு வாக்குவாதம் தவறாமல் தலைதூக்கும். பந்தயத்தில் ஓடுவது நாம் கடையில் வாங்கக்கூடிய காராகவே இருக்க வேண்டுமா, பந்தயத்துக்கென்று தனியாகக் கட்டிய வண்டியாக இருக்கலாமா என்பதுதான் அது. நான் வசிக்கும் பூன் லேக்கு அடுத்துள்ள பயனியரில் கார்ப் பட்டறைகள் நிறைய உண்டு. அங்கே வேலை பார்க்கும் நண்பன் ஒருவனுக்கு இதில் சந்தேகமே கிடையாது. தெருவில் ஓடாத காரை ஓட்டி ஜெயிப்பதில் என்ன பெருமை என்பது அவன் கட்சி. இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்கோ, கேள்வியே அரைகுறையாகக் கேட்கப்படுகிறது என்று தோன்றும். அப்படித் தோன்றக் காரணம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். பெயர் சுந்தரம் கரிவர்தன். பந்தய உலகம் அவரைக் கரி என்றே அழைத்தது.

1954ஆம் ஆண்டு, லட்சுமி மில்ஸ் நிறுவனத்தை நடத்திய பஞ்சாலைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். வசதியான வீடு. இதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து இந்தியாவில் வசதி இல்லாதவர் பந்தயத் திடலின் வேலிக்கு வெளியேதான் நிற்க முடியும்.

பணத்தைவிட அவருக்கு அதிகம் உதவியது அவர் பிறந்த ஊர் என்று நினைக்கிறேன். பஞ்சாலைகளுக்கு இயந்திரங்கள் வேண்டும். இயந்திரங்களுக்கு உதிரிபாகங்கள் வேண்டும். அதனால் கோவையில் லேத் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் பம்புசெட் தொழிற்சாலைகளும் தெருத்தெருவாக முளைத்தன. ஜி.டி.நாயுடு போன்றவர்கள் வாழ்ந்த ஊர் அது. ஒரு பொருள் கடையில் கிடைக்கவில்லை என்றால் அதைச் செய்து பார்த்துவிடலாம் என்ற எண்ணம் அங்கே சாதாரணம். பந்தயக் கார் என்பது கடையில் கிடைக்காத பொருள்தான்.

இன்று சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு அன்றைய இந்தியச் சாலைகளைக் கற்பனை செய்வது கொஞ்சம் கடினம். அம்பாசிடர், ஃபியட்டின் பழைய வடிவமான பிரிமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகளே இருந்தன. வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடும் வரியும் இருந்தன. கார் வாங்கவே பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பந்தயமும் அப்படித்தான் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. கரியும் அங்கே கார் ஓட்டியவர்தான். அந்த ஓடுதளத்தில் இரண்டு உலகங்கள் அருகருகே இருந்தன. ஒரு பக்கம், செல்வந்தர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பந்தயக் கார்கள். விஜய் மல்லையா பழைய எஃப்1 காரான என்சைன் ஒன்றையே அங்கே ஓட்டியிருக்கிறார். மறுபக்கம், பட்டறையில் குடைந்தும் தேய்த்தும் வேகம் கூட்டிய உள்ளூர் ஃபியட்கள். முதல் வகையை வாங்கப் பணம் வேண்டும். இரண்டாம் வகையை வாங்கலாம். ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போவதற்காகச் செய்த கார் அது. எவ்வளவு குடைந்தாலும் அதன் உயரமும் எடையும் மாறப்போவதில்லை.

நம் ஊரிலும் 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையில் நடந்த பந்தயங்களில் இந்த இரண்டு வகைகளும் இருந்தன. குடும்பக் கார்களுக்கென்று தனிப் போட்டிகள் உண்டு.

நண்பனின் கட்சிக்கு மிக உறுதியான ஆதாரம் அமெரிக்காவில் இருக்கிறது. 1949 ஜூன் மாதம் சார்லட் நகரில் பில் ஃபிரான்ஸ் என்பவரின் நாஸ்கார் அமைப்பு ஒரு பந்தயம் நடத்தியது. காரில் எதையும் மாற்றக்கூடாது, கடையில் விற்ற நிலையிலேயே கொண்டுவர வேண்டும் என்பது விதி. அமெரிக்கர்கள் ஸ்டாக் கார் என்று சொல்வது அதைத்தான். முதலில் வந்தவர் கிளென் டன்னவே. பந்தயம் முடிந்து காரைப் பரிசோதித்தபோது, பின்பக்க ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. கள்ளச் சாராயம் கடத்தும் கார்களில் செய்யும் வேலை அது. வெற்றி பறிக்கப்பட்டு, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது. அதாவது, மாற்றமில்லாத கார்களுக்கான முதல் பந்தயத்திலேயே, முதலில் வந்த கார் மாற்றப்பட்ட கார்!

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதவு சாலையில் திறப்பதற்கு; பந்தயத்தில் அது ஆபத்து, ஆகவே மூடிப் பற்றவைத்தார்கள். கூரை உருண்டால் நசுங்கும், ஆகவே உள்ளே இரும்புக் கூண்டு வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்து, 2022ல் வந்த புதிய தலைமுறை நாஸ்கார் காரில் எல்லா அணிகளுக்கும் ஒரே வகைச் சட்டகம். தெருவில் ஓடும் டொயோட்டா கேம்ரிக்கு முன்சக்கரங்கள்தான் இழுவிசை தரும். பந்தயத்துக் கேம்ரியிலோ வி8 எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. முன்விளக்குகள் ஒட்டுப்படம். முகம் மட்டும்தான் மிச்சம்.

அமெரிக்கர்கள் முகத்தை வைத்துக்கொண்டு எஞ்சினை மாற்றினார்கள். கரி அதைத் தலைகீழாகச் செய்தார்.

1983 டிசம்பரில் மாருதி 800 இந்தியச் சாலைக்கு வந்தது. ஜப்பானின் சுசுக்கி வடிவமைத்த சின்னஞ்சிறு கார். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். எண்களைப் பார்த்தால் பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பொறியாளரின் கண்ணுக்கு அந்தக் காரில் வேறொன்று தெரியும். முன்சக்கர இழுவிசை கொண்ட காரில் எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்குப் போகும் தண்டுகள் ஆகிய அனைத்தும் முன்பக்கத்தில் ஒரே பொட்டலமாக இருக்கும். அம்பாசிடரில் அப்படி இல்லை. எஞ்சின் முன்னால், சுழலும் சக்கரம் பின்னால், நடுவே நீளமான தண்டு. மாருதியின் பொட்டலத்தை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் என்ன ஆகும்? அது பின்சக்கரங்களைச் சுழற்றும். எடை நடுவுக்கு வரும். எஃப்1 கார்கள் 1960களில் வந்து சேர்ந்த அமைப்பும் அதுதான்.

1980களின் பிற்பகுதியில் கரி உருவாக்கிய ஃபார்முலா மாருதி இப்படித்தான் அமைந்தது. ஒரே ஓட்டுநர் மட்டும் உட்காரக்கூடிய, சக்கரங்கள் வெளியே தெரியும், தரையோடு தாழ்ந்த சிறிய கார். கதவு, கண்ணாடி, கூரை, பின்னிருக்கை எதுவும் இல்லை. சுமக்க வேண்டிய எடை குறைந்ததும், சந்தைக்குப் போய்வர மட்டுமே பயன்பட்ட அதே எஞ்சின் துடிப்பாக ஓடத் தொடங்கியது.

எதை எடுத்தார், எதை விட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். காரில் செய்வதற்கு மிகவும் கடினமானவை எஞ்சினும் கியர்பாக்ஸும். ஒரு தனிமனிதர் பட்டறையில் செய்ய முயன்றால் செலவு எகிறும். தொழிற்சாலையோ அவற்றை ஆயிரக்கணக்கில், ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் வார்த்துத் தள்ளுகிறது. பழுதானால் எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். இவற்றைச் சாலைக் காரிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சட்டகம் அப்படி அல்ல. கோவையில் உள்ள ஒரு நல்ல பட்டறையால் அதைச் செய்ய முடியும். பந்தயத்தில் ஓட்டுநரின் உயிரைக் காப்பதும் அதுதான். அதைச் சாலைக் காரிலிருந்து கடன் வாங்கக் கூடாது.

இந்த வழி உலகில் வேறெங்கும் இல்லாதது அல்ல. 1960களில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களைக் கொண்டு ஃபார்முலா வீ என்ற வகை தொடங்கியது. பின்னாளில் உலக வெற்றியாளர்களான நிக்கி லௌடாவும் கேகே ராஸ்பர்க்கும் அதில் ஓட்டியவர்கள். பீட்டிலுக்கு எஞ்சின் பிறவியிலேயே பின்னால் இருந்தது, மாருதிக்கு முன்னால். அதனால் கரியின் வேலை சற்றுக் கூடுதல்.

எல்லாருக்கும் ஒரே வகை எஞ்சின், ஒரே வகைக் கார் என்று ஆனதும் போட்டியின் குணமே மாறியது. என்சைன் காரையும் ஃபியட்டையும் ஒரே திடலில் பார்த்தால் யாருடைய பணப்பை பெரிது என்று தெரியும். இருபது ஃபார்முலா மாருதிகளை வரிசையாக நிறுத்தினால் யாருக்கு ஓட்டத் தெரியும் என்பது தெரியும்.

1990ல் சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓட்டி, முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறினான் ஒரு கோவைப் பையன். 1977ல் பிறந்த நரேன் கார்த்திகேயன். தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் ராலி பந்தயங்களில் பெயர் பெற்றவர். நரேன் 1992ல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குச் சென்றார். திரும்பி வந்து 1993ல் மறுபடியும் ஃபார்முலா மாருதியில் ஓட்டினார். அதே ஆண்டு பிரிட்டனிலும் பந்தயங்களில் கலந்துகொண்டார்.

நரேன் எவ்வளவு தூரம் போனார் என்பதைக் கரி பார்க்கவில்லை. 1995 ஆகஸ்டில், அவர் சென்ற மைக்ரோலைட் எனப்படும் சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. அப்போது அவருக்கு 41 வயது. பத்து ஆண்டுகள் கழித்து, 2005 மார்ச்சில், மெல்பர்னில் ஜோர்டன் அணியின் காரில் நரேன் தொடக்கக் கோட்டில் நின்றார். எஃப்1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலகி, ஆறு கார்களே ஓடிய விசித்திரமான பந்தயம் அது. என்றாலும் புள்ளி புள்ளிதான். 2012ல் நம் மரினா பே இரவுப் பந்தயத்திலும் அவர் ஓட்டினார். அந்த இரவு அந்தத் தடத்தில் இருந்த ஓட்டுநர்களில் ஒருவர், மாருதி 800 எஞ்சினை முதுகில் சுமந்த காரில் தொடங்கியவர் என்பது பார்வையாளர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

நண்பனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் லேசில் விடவில்லை. ஃபார்முலா மாருதியைப் பார்த்தால் மாருதி மாதிரியே இல்லையே, பார்வையாளருக்கு அது எப்படித் தன் வீட்டுக் காராகத் தெரியும் என்று கேட்டான். நியாயமான கேள்வி. தன் வீட்டுக் காரைப் போன்ற ஒன்று பந்தயத்தில் முந்துவதைப் பார்க்கும் மகிழ்ச்சி உண்மையானது. மலேசியாவில் புரோட்டான் சாகா கார்களுக்கென்றே பந்தயம் நடப்பதும் அதனால்தான். அப்படிப்பட்ட பந்தயங்கள் இருக்கட்டும். உள்ளே இரும்புக் கூண்டு வைத்து, தரமான இருக்கைவாரும் கட்டினால் சரி. ஆனால் ஓட்டுநரை உருவாக்குவது நோக்கம் என்றால் நான் கரியின் பக்கம்தான். பார்க்கிறவருடைய பெருமைக்காகக் கூரையையும் கதவையும் வைத்துக்கொள்வதைவிட, ஓட்ட விரும்புகிறவருடைய செலவைக் குறைப்பது முக்கியம்.

சிங்கப்பூரில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. இங்கே சாலையில் ஓட்டும் காருக்கு வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதற்கே பெருந்தொகை போய்விடும். அந்தக் காரைப் பந்தயத்துக்காக மாற்றவும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் குறுக்கே நிற்கும். நிரந்தரப் பந்தயத் தடமும் இல்லை. வேகத்தில் ஆசை உள்ளவர்கள் செப்பாங்கிற்குத்தான் போக வேண்டும். ஆகவே கடையில் வாங்கும் காரே பந்தயக் கார் என்ற விதி, நம்மைப் போன்ற மாணவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை, சாத்துகிறது.

பல்கலைக்கழக மாணவர்கள் பங்கேற்கும் ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியில் இதற்கு வேறொரு விடை இருக்கிறது. மாணவர்களே சட்டகத்தை வடிவமைத்துப் பற்றவைக்கிறார்கள். எஞ்சின் வைத்த கார்களில் பெரும்பாலும் கடையில் விற்கும் மோட்டார் சைக்கிளின் எஞ்சின்தான் இருக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர் குழுவும் இதில் கலந்துகொண்டிருக்கிறது. கோவைப் பட்டறையில் கரி செய்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

கரியின் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. சாலைக் காரின் எஞ்சினை நம்பினால், அந்தக் கார் நிற்கும் நாளில் பந்தயமும் திண்டாடும். மாருதி 800 தயாரிப்பு 2014ல் நின்றுபோனது. அதற்கு வெகு முன்பே பந்தயக்காரர்கள் அடுத்த எஞ்சினைத் தேடிக்கொண்டுவிட்டார்கள். கோவைக்குத் தெற்கே செட்டிப்பாளையத்தில், கரியின் பெயரையே தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத் தடம். அங்கே ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் 1.3 லிட்டர் சுசுக்கி எஞ்சின் இருக்கிறது. மாருதி எஸ்டீம் என்ற குடும்பக் காருக்காகச் செய்த எஞ்சின் அது.