வரிசைக்கு எண் கண்டவர்

1869ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் மெண்டலீப், தனிமங்களை அணு நிறையின் ஏறுவரிசையில் அடுக்கி அட்டவணை ஒன்றை அமைத்தார். பண்பால் ஒத்தவை ஒரே தொகுதியில் அமர்ந்தன. ஆயினும் சில இடங்களில் நிறையும் பண்பும் முரண்பட்டன. டெல்லூரியம் அயோடினைவிட நிறை மிக்கது. பண்பை நோக்கினால் அதுவே முன்னே நிற்க வேண்டும். பின்னாளில் ஆர்கானும் பொட்டாசியமும் இதே சிக்கலை எழுப்பின. ஒரு தனிமத்தின் இடத்தை முடிவுசெய்வது எது என்னும் வினாவுக்கு ஆய்வின் வழியே விடை கண்டவர் ஹென்றி மோஸ்லே.

இங்கிலாந்தின் வேமத் என்னும் கடற்கரை ஊரில் 1887 நவம்பர் 23ஆம் நாள் மோஸ்லே பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர். சேலஞ்சர் கப்பலில் உலகக் கடல்களை ஆராய்ந்த குழுவில் ஒருவர். மகனுக்கு நான்கு வயது நிறையுமுன்பே அவர் மறைந்தார். மோஸ்லே ஈட்டன் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் பயின்றார். ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் பட்டத் தேர்வில் அவருக்குக் கிட்டியது இரண்டாம் வகுப்பே. தேர்வுத்தாள் கண்ட திறன் அவ்வளவுதான்.

1910இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே உட்கரு உண்டென்று நிறுவினார். அக்கருவின் மின்சுமையே அட்டவணையில் தனிமத்தின் இட எண் என்று டச்சு நாட்டு வான் டென் புரூக் கருதினார். கருத்து பிறந்துவிட்டது, சான்று இல்லை. அதைத் தேடவே மோஸ்லே முனைந்தார்.

விரைவுமிக்க எலக்ட்ரான்கள் ஒரு தனிமத்தின்மீது மோதும்போது, அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேறும். அவ்விடத்தை வெளிக்கூட்டு எலக்ட்ரான் நிரப்புகையில் அத்தனிமத்துக்கே உரிய எக்ஸ் கதிர் பிறக்கும். மோஸ்லே காற்று அகற்றிய குழாயினுள் சிறு வண்டித் தொடர் ஒன்றை அமைத்து, அதில் தனிமங்களை வரிசையாக வைத்தார். பட்டு நூலால் வண்டியை இழுத்து ஒவ்வொரு தனிமத்தையும் எலக்ட்ரான் கற்றையின்முன் நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் குழாயைத் திறந்து மீண்டும் காற்றை அகற்றும் வேலை இதனால் மிச்சமாயிற்று. படிகத்தில் பட்டுத் திரும்பிய கதிர்கள் புகைப்படத் தகட்டில் கோடுகளாகப் பதிந்தன. நள்ளிரவு கடந்தும் உழைப்பது அவர் வழக்கம்.

1913இல் வெளியான முடிவு வியப்பளித்தது. கதிரின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் கண்டபோது, கால்சியம் முதல் துத்தநாகம் வரை அது படிப்படியாகச் சம அளவில் உயர்ந்தது. கால்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் இடையே மட்டும் இரு படி இடைவெளி. அது அவர் ஆராயாத ஸ்காண்டியத்தின் இடம். நிறையில் சற்றே மிகுந்த கோபால்ட் 27ஆம் எண்ணையும், குறைந்த நிக்கல் 28ஆம் எண்ணையும் பெற்றன. நிறை அல்ல, அணு எண்ணே அடிப்படை என்பது உறுதியாயிற்று.

நடுநிலை அணுவில் அணு எண்ணும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் சமம். ஆகவே அட்டவணையில் ஓர் இடம் நகர்வதென்பது ஓர் எலக்ட்ரானைக் கூட்டுவதாகும். 18 எலக்ட்ரான்கள் கொண்ட ஆர்கானின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் அமைந்து, அது நிலைத்த அமைப்பைப் பெறுகிறது. பொட்டாசியத்தின் 19ஆவது எலக்ட்ரான் புதிய கூட்டில் நுழைகிறது. ஒன்று மந்த வாயுவாகவும் மற்றது நீருடன் சீறி வினைபுரியும் உலோகமாகவும் இருப்பதற்கு இந்த ஓர் எலக்ட்ரானே காரணம். ஒரு வரிசையில் இடமிருந்து வலம் செல்லச் செல்லக் கருவின் ஈர்ப்பு வலுப்பெற்று அணுவின் ஆரம் பொதுவாகக் குறைவதும் இவ்வெண்ணின் விளைவே.

1914இல் ஆக்ஸ்ஃபோர்டில் அலுமினியம் முதல் தங்கம் வரை ஆய்வை விரித்து, 43, 61, 75 ஆகிய எண்களுக்குரிய தனிமங்கள் கண்டறியப்படவில்லை என்று காட்டினார். அருமண் தனிமங்களைப் பிரிப்பதில் பல்லாண்டு உழைத்த பாரிசு வேதியியலாளர் உர்பேன் தம் மாதிரிகளுடன் அவரைத் தேடி வந்தார். அவற்றில் உள்ளவை எவை என்று மோஸ்லே சில நாள்களில் கூறிவிட்டார். உர்பேன் 72ஆம் தனிமம் என்று எண்ணியது அவற்றில் இல்லை.

அவ்வாண்டு அறிவியல் மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா சென்றிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. நாடு திரும்பிய மோஸ்லே தாமே விரும்பிப் படையில் சேர்ந்து, செய்தித் தொடர்பு அதிகாரியானார். 1915 ஆகஸ்டு 10ஆம் நாள் துருக்கியின் கலிப்போலியில் தொலைபேசியில் கட்டளை ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தவரைக் குண்டு துளைத்தது. அப்போது அவருக்கு வயது 27. தம் உடைமைகளை ஆய்வு வளர்ச்சிக்கென இராயல் சொசைட்டிக்கு உயில் எழுதியிருந்தார். இத்தகைய அறிஞரைப் போர்முனைக்கு அனுப்பிய படைத்துறையின் போக்கை ரூதர்ஃபோர்டு வெளிப்படையாகக் கண்டித்தார்.

1923இல் கோப்பன்ஹேகனில் ஹாஃப்னியத்தின் எக்ஸ் கதிர்க் கோடுகள் மோஸ்லே விதிப்படி 72ஆம் இடத்தில் தோன்றின. 75ஆம் இடத்துக்கு ரீனியம் 1925இலும், 43ஆம் இடத்துக்கு டெக்னீசியம் 1937இலும் வந்து சேர்ந்தன. 61ஆம் இடத்துக்குரிய புரோமித்தியம் 1945இல் கண்டறியப்பட்டபோது, மோஸ்லே மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.