ஜேம்ஸ் ஹார்டி வில்கின்சன்

ஜேம்ஸ் ஹார்டி வில்கின்சன் (செப்டம்பர் 27, 1919 – அக்டோபர் 5, 1986) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் கணினி அறிவியலாளரும் ஆவார். மிதவைப் புள்ளி எண்களைக் கொண்டு கணினிகள் செய்யும் கணக்கீடுகளில் சேரும் வழுக்களை ஆராய்ந்து, கிடைத்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கணிக்கும் முறையை உருவாக்கியவர். 1970 ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார். ஒரு கணினியில் எழுதிய கணித நிரலை அமைப்பில் முற்றிலும் வேறுபட்ட மற்றொரு கணினிக்கு எடுத்துச் சென்றாலும் அதன் விடை நம்பத்தக்கதாக இருக்கும் என்று உறுதி கூற இவருடைய ஆய்வுகளே வழிவகுத்தன.

இளமையும் கல்வியும்

வில்கின்சன் கென்ட் மாவட்டத்தில் உள்ள ஸ்ட்ரூட் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய குடும்பம் பால் வணிகம் செய்து வந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அவ்வணிகம் நொடித்துப் போனது. ரோச்செஸ்டரில் உள்ள சர் ஜோசப் வில்லியம்சன் கணிதப் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படித்தார். பதினாறு வயதிலேயே கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் உதவித்தொகையை வென்று, 1939 இல் முதல் வகுப்பில் தேறினார். அங்கு இவருடைய ஆசிரியர்களுள் ஜி. எச். ஹார்டியும் லிட்டில்வுட்டும் இருந்தனர். இராமானுசனோடு இணைந்து பணியாற்றிய அதே ஹார்டியும் லிட்டில்வுட்டுமே இவர்கள். (வில்கின்சனின் பெயரில் உள்ள ஹார்டிக்கும் இவருக்கும் தொடர்பில்லை.)

போர்க் காலத்தில் எறிபடையியல், வெடிமருந்துகளின் வெப்ப இயக்கவியல் ஆகியவற்றுக்கான கணக்கீடுகளில் ஈடுபடுத்தப்பட்டார். போர் முடிந்ததும் தூய கணிதத்துக்குத் திரும்ப எண்ணியிருந்த இவர், 1946 இல் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். வேலை நேரத்தில் பாதி ஆலன் டூரிங்கின் ஏஸ் கணினித் திட்டத்திலும், மறுபாதி மேசைக் கணக்கிடும் பொறிகளைக் கொண்டு கணக்கிடும் பிரிவிலும் கழிந்தது.

பதினெட்டு சமன்பாடுகள்

அக்காலத்தில் பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுதிகளைக் காசிய நீக்கல் முறையில் தீர்க்க முடியாது என்ற அச்சம் பரவலாக இருந்தது. ஒவ்வொரு பெருக்கலிலும் கூட்டலிலும் விடையின் கடைசி இலக்கங்கள் முழுமையாக்கப்பட்டு இழக்கப்படுகின்றன. சமன்பாடு ஒன்று கூடும்போதெல்லாம் வழு நான்கு மடங்காகப் பெருகலாம் என்று ஹெரால்டு ஹோட்டலிங் 1943 இல் கணித்திருந்தார். அக்கணிப்பு நடைமுறையைப் பிரதிபலித்திருந்தால், நூறு சமன்பாடுகளைக் கணினியிடம் கொடுப்பது வீண் வேலையாக இருந்திருக்கும்.

வில்கின்சன் ஆய்வகத்தில் சேர்ந்த சிறிது காலத்தில் பதினெட்டு சமன்பாடுகள் கொண்ட கணக்கு ஒன்று வந்தது. டூரிங், லெஸ்லி பாக்ஸ், குட்வின், வில்கின்சன் ஆகியோர் மேசைப் பொறிகளைக் கொண்டு சுமார் இரண்டு வாரம் உழைத்து அதைத் தீர்த்தனர். கிடைத்த விடைகளைச் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தபோது, எஞ்சிய வேறுபாடு எதிர்பார்த்ததை விட மிகச் சிறியதாக இருந்தது. இதன் உட்பொருளை வில்கின்சன் உடனே உணர்ந்துகொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அது தெளிவாகப் பல ஆண்டுகள் ஆயின.

பைலட் ஏஸ்

டூரிங் 1948 இல் ஆய்வகத்தை விட்டு மான்செஸ்டருக்குச் சென்றார். அவருடைய வடிவமைப்பைச் சுருக்கி உருவாக்கப்பட்ட பைலட் ஏஸ் கணினி மே 10, 1950 அன்று தன் முதல் நிரலை இயக்கியது. அதன் உருவாக்கத்தில் வில்கின்சன் முன்னின்று உழைத்தார். 32 பிட் சொற்களைப் பாதரச நினைவகத்தில் தேக்கிய இக்கணினியில் மிதவைப் புள்ளிக்கெனத் தனி மின்சுற்று இல்லை. அதற்கான துணைநிரல்களை மென்பொருளாகவே எழுதினர். அப்படியிருந்தும், ஒரு மெகாகெர்ட்சு வேகத்தில் ஓடியதால் அன்றைய பிற கணினிகள் பலவற்றை அது விஞ்சியது. இதன் வணிக வடிவமான டியூஸ் 1955 முதல் விற்கப்பட்டது.

பல்லுறுப்புக்கோவைகளின் மூலங்களைக் காணும் நிரலைச் சோதிக்க, 1 முதல் 20 வரையுள்ள முழு எண்களை மூலங்களாகக் கொண்ட ஒரு கோவையை வில்கின்சன் தேர்ந்தெடுத்தார். மூலங்கள் தெளிவாகப் பிரிந்திருப்பதால் எளிதில் கிடைத்துவிடும் என்று எண்ணினார். கிடைக்கவில்லை. நிரலில் பிழை தேடினார். நிரலில் பிழை இல்லை, கணக்கே அத்தகையது. மாறியின் 19 ஆம் அடுக்கின் கெழுவான -210 இல் சுமார் 0.00000012 அளவு மட்டும் மாற்றினால், இருபது மூலங்களில் பத்து மெய்யெண்களாக இல்லாமல் போகின்றன. 16, 17 ஆகிய மூலங்கள் இணைந்து, 16.73 என்ற மெய்ப்பகுதியும் 2.81 என்ற கற்பனைப் பகுதியும் கொண்ட சிக்கலெண் இணையாக மாறிவிடுகின்றன. இன்று வில்கின்சன் பல்லுறுப்புக்கோவை எனப்படுவது இதுவே. தம் தொழில் வாழ்வில் தம்மை மிகவும் அதிரவைத்த நிகழ்வாக இதை இவர் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

பின்னோக்கு வழுப் பகுப்பாய்வு

இவ்விரு அனுபவங்களும் ஒன்றுக்கொன்று மாறானவை போலத் தோன்றினாலும் ஒரே விளக்கத்தில் அடங்குகின்றன. அதுவரை, கணினி தந்த விடை உண்மை விடையிலிருந்து எவ்வளவு விலகியது என்றே பெரும்பாலும் கேட்கப்பட்டது. வில்கின்சன் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: கணினி தந்த விடை எந்தக் கணக்கின் சரியான விடை? அந்தக் கணக்கு, கொடுக்கப்பட்ட கணக்கிலிருந்து மிகச் சிறிதே வேறுபட்டால் தீர்க்கும் முறையில் குறை இல்லை. அதற்குப் பின்னும் விடை கெட்டால், காரணம் கணக்கின் உணர்திறனே. பதினெட்டு சமன்பாடுகளுக்குக் கிடைத்தது சற்றே மாறிய சமன்பாடுகளின் சரியான விடை. இக்கருத்தை ஜேம்ஸ் வாலஸ் கிவன்ஸ் 1954 இல் ஒரு தனி முறைக்குப் பயன்படுத்தியிருந்தார். அதைப் பொதுக் கோட்பாடாக வளர்த்தவர் வில்கின்சன்.

கோட்பாட்டின் தொடக்கம் மிக எளியது. மிதவைப் புள்ளிக் கணக்கின் ஒவ்வொரு அடிப்படைச் செயலும் தரும் விடை, சரியான விடையை ஒன்றுக்கு மிக அருகிலுள்ள ஓர் எண்ணால் பெருக்கியதற்குச் சமம். அந்த எண் ஒன்றிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அவ்வரம்பு பொறிக்குப் பொறி மாறும்; மெய்ப்பித்தலின் வடிவம் மாறாது. காசிய நீக்கலின் வழு கோட்பாட்டளவில் படிதோறும் இரு மடங்காகலாம் என்பதை இவர் மறைக்கவில்லை. நடைமுறையில் அவ்வாறு நேர்வது மிக அரிது என்பதையும் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

1963 இல் வெளிவந்த இவருடைய முதல் நூல் முழுமையாக்கல் வழுக்களைப் பற்றியது. 1965 இல் வெளிவந்தது அணிகளின் ஐகென் மதிப்புகள் பற்றிய பெருநூல்.

பல பொறிகள், ஒரே நிரல்

1960களில் கணினிகள் எண்களைத் தேக்கிய முறைகளில் ஒற்றுமை இல்லை. சிடிசி 6600 இல் 60 பிட் சொல்லில் 48 பிட்டுகள் எண்ணின் இலக்கங்களுக்கு ஒதுக்கப்பட்டன. பிடிபி-10 இல் சொல்லின் நீளம் 36 பிட். ஐபிஎம் 360 பதினாறை அடியாகக் கொண்டது. அதனால் அதன் 24 பிட் துல்லியம் சில எண்களுக்கு 21 ஆகக் குறைந்தது. காப்பு இலக்கம் இல்லாமல் கழித்தல் செய்த பொறிகளும் இருந்தன. அவற்றில் அடுத்தடுத்த இரு எண்களின் வேறுபாடுகூடத் தவறாக வரலாம். அத்தகைய பொறிகளுக்கும் பொருந்துமாறு, கழிக்கப்படும் இரு எண்களிலும் தனித்தனியே சிறு மாற்றத்தை அனுமதிக்கும் தளர்ந்த விதி ஒன்றை வில்கின்சன் கையாண்டார்.

இவரும் ஜெர்மானியரான கிறிஸ்டியன் ரைன்ஷும் தொகுத்த நேரியல் இயற்கணிதக் கையேடு 1971 இல் வெளிவந்தது. அதில் நிரல்கள் அல்கால் மொழியில் இருந்தன. ஐகென் மதிப்பு காணும் நிரல்களில், ஒன்றோடு கூட்டினால் ஒன்றை விடப் பெரிய விடையைத் தரும் மிகச் சிறிய எண்ணைப் பயனரே உள்ளீடாகத் தர வேண்டியிருந்தது. பொறியைப் பற்றி நிரலுக்குத் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஒற்றை எண்ணில் அடங்கியது.

அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகம் இந்நிரல்களைப் போர்ட்ரானுக்கு மாற்றி, பலவகைப் பொறிகளில் சோதித்து, ஐஸ்பேக் என்ற பெயரில் 1970களில் வெளியிட்டது. முதலில் ஒவ்வொரு பொறிக்கும் அந்த எண்ணைக் கையால் இட வேண்டியிருந்தது. 1983 ஆம் ஆண்டுப் பதிப்பில் நிரலே அதைக் கண்டுபிடித்தது: நான்கை மூன்றால் வகுத்து, ஒன்றைக் கழித்து, மீதியை மூன்று முறை கூட்டி, ஒன்றிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தது. நான்கு பதின்ம இலக்கங்கள் மட்டும் கொண்ட பொறியில் இது 1.333, 0.333, 0.999 எனச் சென்று 0.001 என்ற விடையைத் தரும். மூன்றை அடியாகக் கொண்ட கணினி இருந்தால் இவ்வுத்தி பயன்படாது.

மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 சீர்தரம் 1985 இல் ஏற்கப்பட்டது. அதன் பின்னும், 80 பிட் பதிவகங்கள், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே முழுமையாக்கலில் செய்யும் கட்டளைகள் ஆகியவற்றால் ஒரே நிரலின் கடைசி இலக்கங்கள் பொறிக்குப் பொறி மாறுவதுண்டு. வில்கின்சனின் வரம்புகள் இவ்வேறுபாடுகளையும் உள்ளடக்குவன. ஐஸ்பேக், லின்பேக் ஆகிய தொகுப்புகளின் வழித்தோன்றலான லாபேக் 1992 இல் வெளிவந்தது. மேட்லேப், நம்பை போன்றவை அணிக் கணக்குகளுக்கு அதையே சார்ந்துள்ளன.

பிற்காலம்

1969 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1980 இல் ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1977 முதல் 1984 வரை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார். 1945 இல் மணந்த ஹெதர் வேர் மூலம் இவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். டெடிங்டனில் காலமானார். தம்மை ஏமாற்றிய பல்லுறுப்புக்கோவையைப் பற்றி 1984 இல் எழுதிய கட்டுரைக்கு, மறைவுக்குப் பின் 1987 இல் சோவனே பரிசு வழங்கப்பட்டது. எண்சார் மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசு 1991 முதல் வழங்கப்பட்டு வருகிறது. பைலட் ஏஸ் கணினி இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.