மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ்

இன்று இடுக்கி மாவட்டத்தில் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் முன்னர்த் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தவை. தமிழர்கள் தேயிலை பறித்த அம்மலைகளும் தெற்கே நாகர்கோவிலும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. அவ்வரசின் மருத்துவத் துறை முழுவதற்கும் 1938ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி தலைவரானார். அவரே மேரி புன்னன் லூக்கோஸ்.

அவர் 1886ஆம் ஆண்டு கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், மகளும் அவ்வழியே செல்ல விரும்பினார். ஆனால், பெண் என்பதால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டது. வரலாறு பயின்று 1909இல் பட்டம் பெற்ற அவர், மருத்துவம் கற்க இலண்டனுக்குக் கப்பலேறினார். 1916இல் தாயகம் திரும்பித் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பணியேற்றார்.

அக்காலத்தில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்ந்தது. ஊர் மருத்துவச்சியர் அனுபவம் மிக்கவர்கள். ஆயினும் நோய்க்கிருமிகளைப் பற்றி அவர்களுக்கு எவரும் கற்பித்ததில்லை. கழுவாத கைகளால் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தபோது பச்சிளங்குழந்தையை இசிவு நோய் தாக்கியது. கை கழுவினால் தாய்மாரின் இறப்புக் குறையும் என்பதை வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847இலேயே கண்டறிந்திருந்தார். அவ்வுண்மையை உடன் பணிபுரிந்த மருத்துவர்களே ஏற்கத் தயங்கினர் என்றால், ஊர் மருத்துவச்சியரைக் குறைகூற இடமேது?

மேரி அவர்களைப் பகைக்கவில்லை. பகைத்திருந்தால் மருத்துவமனையை நோக்கி ஒருவரும் வந்திருக்கமாட்டார். மாறாக, மருத்துவச்சியரின் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். குடும்பத் தொழிலும் நிலைத்தது. புதிய முறையும் வீடுதோறும் நுழைய வழி பிறந்தது. மருத்துவமனையில் பிள்ளை பெற மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்க, மேரி தம் முதற்குழந்தையை அங்கேயே பெற்றெடுத்தார். எத்தனை சொற்பொழிவுகள் ஆற்றினாலும் இதற்கு ஈடாகா.

1922இல் திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். துறைத்தலைவராக உயர்ந்தபோது 32 அரசு மருத்துவமனைகளும் 40 மருந்தகங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை ஒன்றையும் நிறுவினார். காற்றின்வழிப் பரவும் அந்நோய்க்கு அன்று ஏற்ற மருந்தில்லை. நோயாளரைத் தனியே வைத்து, நல்ல காற்றும் உணவும் ஓய்வும் அளிப்பதே சிகிச்சையாக இருந்தது.

இந்திய அரசு 1975இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மறு ஆண்டில், தொண்ணூறாம் அகவையில், அவர் மறைந்தார்.