சிறுநீரக நோயை ஆராய்ந்த ரிச்சர்டு பிரைட்

பிறர் நோய் தீர்த்தலையே தமக்குற்ற கடனாகக் கொண்டு வாழ்ந்த பெரியோர் எந்நாட்டினராயினும் எக்குலத்தினராயினும், அவர்தம் வரலாறு நாம் அறிந்து போற்றுதற்குரியதாம். அத்தகையோருள் ஒருவர், சிறுநீரக நோயை முறைப்பட ஆராய்ந்து உலகிற்கு விளக்கிய ரிச்சர்டு பிரைட் என்னும் ஆங்கில மருத்துவர்.

இவர் 1789-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 28-ஆம் நாள் பிரிஸ்டல் நகரிற் பிறந்தார். தந்தையார் வணிகர், செல்வமும் கல்வியார்வமும் ஒருங்கே உடையவர். பிரைட் 1808-இல் எடின்பரோ சர்வகலாசாலையிற் சேர்ந்தார். 1810-இல் கல்வியை இடைநிறுத்தி ஐஸ்லாந்து தேசத்துக்கு யாத்திரை சென்று, ஆங்குள்ள செடிகொடிகளையும் உயிர்களையும் ஆராய்ந்தார். 1813-இல் மருத்துவப் பட்டம் பெற்றபின் ஐரோப்பாவிற் பல நாடுகளைச் சுற்றி, ஹங்கேரி தேசத்தைப் பற்றித் தாமே வரைந்த சித்திரங்களுடன் 1818-இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்டதைக் கண்டவாறே குறிக்கும் இப்பழக்கமே பின்னாளில் அவரது வைத்திய ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று.

1820-இல் லண்டன் மாநகரத்துக் கைஸ் ஆஸ்பத்திரியில் உதவி வைத்தியராகவும், 1824-இல் முழுநிலை வைத்தியராகவும் அமர்ந்தார். இடையே 1823-இல் மனைவியாரை இழந்தார். அத்துயரிடையேயும் நோயாளரைப் பார்த்தலும், மாணவர்க்குக் கற்பித்தலும், இறந்தோர் உடலை அறுத்து ஆராய்தலும் ஆகிய கடமைகளினின்றும் அவர் வழுவினாரல்லர்.

அக்காலத்தே, உடம்பில் நீர் கோத்துக் காலும் முகமும் வீங்கிப் பலர் மாண்டனர். அவ்வீக்கத்தையே ஒரு தனி நோயென மருத்துவர் பலரும் கருதினர். இத்தகையோர் சிலரது சிறுநீரைக் காய்ச்சினால் அது திரியும் என்பதனை முன்னோர் சிலர் கண்டிருந்தனராயினும், அதன் காரணத்தைத் தெளிந்திலர். பிரைட், நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவர்த்திச் சுடரிற் காட்டுவார். முட்டையின் வெண்கரு வேகுமாறு போல அது வெளுத்து உறையும். அவருள் மாண்டோர் உடலை அறுத்துப் பார்த்தபொழுது சிறுநீரகங்கள் கெட்டிருக்கக் கண்டார்; சிலவற்றில் அவை சுருங்கிக் கடினப்பட்டிருந்தன. வீக்கம், சிறுநீரின் திரிவு, சிறுநீரகத்தின் கேடு ஆகிய மூன்றும் ஒரு தொடர்பினவே என்பதனை 1827-இல் வண்ணப் படங்களோடு கூடிய தம் நூலில் நிறுவினார். அவர் நண்பர் ஜான் பாஸ்டாக் என்பார் இரசாயனப் பரிசோதனைகளால் இவ்வாராய்ச்சிக்குத் துணைநின்றார்.

1836-இல் நூறு நோயாளரின் நிலையைத் தொகுத்து வெளியிட்ட பிரைட், இந்நோயினர் பலரது இருதயமும் பருத்திருத்தலை எடுத்துக் காட்டினார். 1842-இல் இந்நோயாளர்க்கெனவே 42 படுக்கைகளும் ஓர் ஆராய்ச்சிச் சாலையும் அவ்வாஸ்பத்திரியில் ஒதுக்கப்பெற்றன. ஒரே உறுப்பின் நோயை ஆசிரியரும் மாணவரும் கூடி ஆராய்தற்கு இஃது ஒரு முன்மாதிரியாயிற்று. 1837-இல் விக்டோரியா மகாராணியாரின் வைத்தியருள் ஒருவராகவும் அவர் நியமிக்கப்பெற்றார். 1858-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இருதய நோயால் உயிர்நீத்தார். நூறாண்டுக்கு மேலாக இந்நோய் அவர் பெயராலேயே வழங்கி வந்தது.

நோயின் வேரைக் கண்ட அவர்க்கு அதனைத் தீர்க்கும் மருந்து கிட்டவில்லை. குருதி வாங்குதலும் பேதி கொடுத்தலுமே அக்காலத்து முறைகள். எனினும், அவர் இட்ட அடிப்படைமேலன்றோ பின்வந்தோர் கட்டினர்! 1943-இல் ஹாலந்து தேசத்து கோல்ப் என்பார் இயந்திரத்தாற் குருதியைச் சுத்தி செய்யத் தொடங்கினார். 1971-இல் நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், உயிருள்ளார் ஒருவர் ஈந்த சிறுநீரகத்தைப் பிறிதொருவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டனர்.

ஏரியூர் வாழ் அன்பர்காள்! கால் வீங்கினால் வெயிலில் அலைந்த களைப்பென்றும், முகம் அதைத்தால் உறக்கக் கேடென்றும் கருதி வாளாவிருத்தல் தகாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையார்க்கு, வீக்கம் தோன்றுமுன்னரே சிறுநீரகம் கெடத் தொடங்குதலும் உண்டு. ஆதலின் அன்னார் ஆண்டுதோறும் சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும். பிரைட் காலத்தில் நோயறிந்தும் காக்க வழியின்றி மாண்டனர். இக்காலத்தில் வழியிருந்தும் அறியாமையால் மாளுதல் எத்துணைப் பேதைமை! நம் இளைஞரும் இப்பெரியார் வரலாற்றைக் கற்று, மருத்துவக் கலையிற் புகுந்து, நம் பக்கத்து மக்கட்குத் தொண்டாற்ற முன்வருவாராக.