கிராணிக்கு மருந்து தேடிப் போனவர்

கொற்கைன்னா நமக்கு முத்து. தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் பாண்டியர்களின் முத்துத் துறைமுகமா இருந்த ஊர். இப்போ கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. அமெரிக்காவிலும் ஒரு முத்தாறு இருக்கு: நியூயார்க் மாகாணத்துப் பேர்ல் ரிவர். நம்ம சென்னையில் டாக்டருக்குப் படிச்ச ஒருத்தர் தன் கடைசி எட்டு வருஷத்தை அங்கேதான் கழிச்சார். பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

பிறந்தது 1895-ல், ஆந்திராவின் பீமாவரத்தில். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படிக்கும்போது, காந்தி சொன்னார் என்று கதர்த் துணியில் சர்ஜரி உடை போட்டுக்கிட்டு வந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. எம்.பி.பி.எஸ். கைநழுவி, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. இன்டர்னல் மார்க் அரசியல் நேத்து ஆரம்பிச்சதில்லை மக்களே!

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. அண்ணன், தம்பி இருவரும் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ நோயில் போய்ச் சேர்ந்தார்கள். நம்ம ஊரில் கிராணி என்பார்களே, அந்த ரகம். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கில் ஆள் எலும்பாகிவிடுவார். அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் வைத்தியத்தில் பிழைத்தார்.

குடலுக்குள் அப்படி என்னதான் நடக்குது? சிறுகுடலின் உட்சுவர் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுசாகிறது. சுவரில் உள்ள குட்டிக் குழிகளின் அடியில் ஸ்டெம் செல்கள் உட்கார்ந்து ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் டி.என்.ஏ.வை நகலெடுக்கணும், அதற்கு ஃபோலிக் அமிலம் வேணும். ஸ்ப்ரூவில் சுவர் தேய்வதால் ஃபோலிக் அமிலம் உறிஞ்சப்படுவதில்லை. அது இல்லாததால் சுவர் வளர்வதில்லை. நம்ம பாஷையில் சொன்னா பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப்.

மாமனார் கொடுத்த உதவியோடு 1920-களில் ஹார்வர்டு போனார். செலவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. பகலில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் கண்டுபிடித்தார். அந்த வழியிலேயே பாஸ்போகிரியேட்டின், பிறகு 1929-ல் ஏ.டி.பி. பிளஸ் டூவில் நாம மனப்பாடம் பண்ணின அதே ஏ.டி.பி.தான். இவ்வளவுக்கும் அப்புறம் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை.

1940-ல் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். 1945-ல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. 1948-ல் அவர் தலைமையில் பெஞ்சமின் டகர் கண்டெடுத்த ஆரியோமைசின் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. இன்றும் ஸ்ப்ரூவுக்கு டாக்டர்கள் தருவது இந்த இரண்டு வகையும்தான்: ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின். அண்ணன் தம்பியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு மருந்தும் ஒரே ஆளின் லேபிலிருந்து வந்தது, கால் நூற்றாண்டுக்கு மேல் தாமதமாக.

ஃபோலிக் அமிலத்தை லேசாக மாற்றி, செல் பிரிவதையே தடுக்கும் அமினோப்டெரினையும் அதே லேப் செய்தது. சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, சில மாதங்களுக்காவது நோய் பின்வாங்கியது. ஆனால் இந்த வகை மருந்துக்குப் புற்றுசெல், குடல்செல் என்ற பாகுபாடு கிடையாது. வேகமாகப் பிரிகிறதை எல்லாம் அடிக்கும். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான்.

அடிபட்ட குடலை ஸ்டெம் செல்கள் மறுபடி கட்டணும். வயசானால் அந்த வேலை மந்தமாகிறது. காரணம் ஸ்டெம் செல்லில் மட்டும் இல்லை, பக்கத்து வீட்டிலும் இருக்கு! குழிக்குள் அதை ஒட்டி இருக்கும் பானெத் செல்கள் முதுமையில் நோட்டம் என்ற புரதத்தைச் சுரந்து, பிரியச் சொல்லும் சிக்னலை அமுக்கிவிடுகின்றன என்று 2019-ல் ஒரு ஆய்வு காட்டியது. நோட்டத்தைத் தடுத்தபோது, கிழட்டு எலிகளின் குடல் கீமோதெரபி மருந்திலிருந்து நன்றாகவே மீண்டது.

சுப்பாராவுக்கு அந்த முதுமை வரவே இல்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில், மாரடைப்பில் இறந்தார். ஆரியோமைசின் வெளிவந்த அதே வருஷம். மூன்று வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறியவர் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. மனைவி சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவே இல்லை.