திருத்தல்வாதத்தை எதிர்த்த இ.எம்.எஸ்., திருத்தல்வாதி ஆனது எப்படி?

ஸ்ரீவராகத்துக்கு வேலை நிமித்தமாகக் குடிவரும் தமிழர்களுக்குத் தேர்தல் நேரத்தில் ஒரு குழப்பம் வரும். மக்களவைத் தேர்தலில் இடதுசாரிகளின் சின்னம் கதிர் அரிவாள். மாநகராட்சித் தேர்தல் வந்தால் பல வார்டுகளில் அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். கூட்டணி ஒன்றுதான், ஆனா கம்யூனிஸ்ட் கட்சி ரெண்டு. ஏன் ரெண்டு என்று கேட்டால் 1964-க்குப் போகணும். அந்தப் பிளவின் நடுவில் நின்றவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்.

1909 ஜூன் 13 அன்று, பெரிந்தல்மண்ணை அருகே ஏலங்குளத்தில் ஒரு ஜன்மி (நிலவுடைமை) குடும்பத்தில் பிறந்தார். காங்கிரஸ் சோசலிஸ்டாக இருந்து கம்யூனிஸ்ட் ஆனவர். தன் பங்குக் குடும்பச் சொத்தை விற்றுக் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்.

திருத்தல்வாதம் என்பது முதலில் ஒரு வசைச்சொல். புரட்சி தேவையில்லை, தேர்தலும் சீர்திருத்தமும் போதும் என்று 1890-களில் வாதிட்ட ஜெர்மானியர் எட்வர்ட் பெர்ன்ஸ்டைன், மார்க்சையே திருத்தப் பார்க்கிறார் என்று எதிரணி குற்றம்சாட்டியது. 1956-ல் சோவியத் தலைவர் குருஷேவ் ஸ்டாலினை விமர்சித்து, நாடாளுமன்ற வழியிலும் சோசலிசத்துக்குப் போகலாம் என்றார். அடுத்த சில ஆண்டுகளில் சீனா அதே பட்டத்தை மாஸ்கோவுக்குச் சூட்டியது.

அந்த நாடாளுமன்ற வழியில் நடந்து பார்த்தவர் இ.எம்.எஸ். 1957-ல் 126 இடங்களில் 60-ஐ வென்று, 5 சுயேச்சைகளின் ஆதரவோடு முதல்வரானார். குத்தகை விவசாயிகளை வெளியேற்றுவதற்கு ஒரு வாரத்துக்குள் தடை போட்டார். 1959 ஜூலை 31-ல் மத்திய அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. அப்போ தேர்தல் வழி உதவாதா? கட்சிக்குள் சண்டை சூடானது. டாங்கே அணி, காங்கிரசின் முற்போக்குப் பிரிவோடு சேர்ந்து போகலாம் என்றது. இடது அணியோ, அது முதலாளிகளும் நிலப்பிரபுக்களும் நடத்தும் அரசு, அவர்களோடு சேர்வதுதான் திருத்தல்வாதம் என்றது. 1962 சீனப் போர் விரிசலைப் பெரிதாக்கியது.

இ.எம்.எஸ். உடனே இடது அணியில் சேர்ந்துவிடவில்லை. 1963-ல் அவர் எழுதிய அறிக்கை திருத்தல்வாதம், வறட்டுவாதம் ரெண்டையும் சேர்த்தே சாடியது. கடைசியில், 1964 ஏப்ரல் 11 அன்று தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேரில் அவரும் ஒருவர். நம்ம ஊர் பி. ராமமூர்த்தியும் என். சங்கரய்யாவும் அதில் உண்டு. அந்த ஆண்டே சிபிஎம் பிறந்தது.

யார் உண்மையான மார்க்சியவாதி என்பதை எண்களால் அளக்க முடியாது. தொண்டர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை அளக்கலாம். 1965 கேரளத் தேர்தலில் சிபிஎம் 40, சிபிஐ 3. ஜெயித்தவர்களில் பலர் அப்போது சிறையில் இருந்தார்கள்!

1967-ல் சிபிஐயையும் சேர்த்துக்கொண்டு இ.எம்.எஸ். மீண்டும் முதல்வரானார். அதே ஆண்டு நக்சல்பாரி எழுச்சி. இந்த முறை பீக்கிங் சிபிஎம்மையே நவீன திருத்தல்வாதிகள் என்றது. 1968 நவம்பரில் நக்சலைட்டுகள் தலச்சேரி, புல்பள்ளி காவல் நிலையங்களைத் தாக்கினார்கள். காவல்துறையை வைத்து அவர்களை அடக்க வேண்டிய இடத்தில் இருந்ததும் இ.எம்.எஸ். அரசுதான். என் கணக்கில், அவருடைய அரசியல் வாழ்வின் மிகச் சங்கடமான நாட்கள் அவை.

1969 அக்டோபரில் அவருடைய அரசு நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தைப் பேரவையில் நிறைவேற்றியது. நவம்பர் 1-ல் ஆட்சி போனது. 1970 ஜனவரி 1-ல் ஜன்மி முறையை ஒழித்து அதை அமல்படுத்தியவர் சிபிஐ முதல்வர் அச்சுத மேனன். புகழ் யாருக்கு என்ற தகராறு இன்னும் தீரவில்லை. 2020-ல் 50-ம் ஆண்டு விழாவில் பேசிய பினராயி விஜயன் மேனன் பெயரைச் சொல்லவில்லை என்று சிபிஐ வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டது.

1978 முதல் இ.எம்.எஸ். சிபிஎம் பொதுச்செயலாளர். 1992 ஜனவரியில், சோவியத் யூனியன் கலைந்த சில நாட்களில், மெட்ராசில் கட்சி மாநாடு கூடியது. எங்கே தவறியது என்று விவாதித்த அந்த மாநாட்டில் பொறுப்பிலிருந்து விலகினார். 1998 மார்ச் 19 அன்று திருவனந்தபுரத்தில் காலமானபோது அவருக்கு வயது 88. இரண்டு கட்சிகளும் அப்போது ஒரே கூட்டணியில் இருந்தன, தனித்தனிச் சின்னங்களோடு.